ஆறாம் பாதையின் மரியாதை

குடிநீர் வாரியத்தின் விளையாட்டு மைதானத்தில் ஆதியில் மைதானம் மட்டும்தான் இருந்தது. மேடை பிறகு வந்தது. வந்த மேடை வந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம்; இருக்கவில்லை. முதலில் தலைவர் உட்கார ஒரு நாற்காலி போடும் அளவுக்குக் கட்டினார்கள். தலைவர் தனியாக உட்கார்ந்தால் பார்க்க நன்றாக இராது என்று துணைத் தலைவருக்கும் இடம் ஒதுக்கினார்கள். வெயில் அடித்தது, கூரை போட்டார்கள். கூரைக்குத் தூண் வேண்டியிருந்தது. தூணுக்கு நடுவே சோபா, சோபாவுக்குப் பின்னால் ஓய்வறை, ஓய்வறைக்குப் பின்னால் சாப்பாட்டு அறை. சாப்பிட்டவர்கள் கை கழுவ வேண்டாமா? வாரியத்தின் கௌரவத்தை முன்னிட்டுக் கை கழுவ மட்டும் வரிசையாக ஆறு குழாய் வைத்தார்கள். ஒன்றிலும் தண்ணீர் வராது.

இப்படி மேடை காலை நீட்டிக்கொண்டே வந்ததில், ஒரு சுற்று நானூறு மீட்டர் இருந்த ஓடுபாதை ஒரு வருடம் பாதியாகிவிட்டது. “பார்வையாளர் வசதிக்காக மைதானம் கச்சிதமாக்கப்பட்டுள்ளது” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அவர்கள் எல்லோரும் மேடையில்தான் இருந்தார்கள்.

மீட்டரம்மா கைதட்டவில்லை. அவள் கீழே, காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வருவது அவள் வேலை. வாசலில் குனிந்து, துருப்பிடித்த மூடியைத் தூக்கி, உள்ளே குடியிருக்கும் சிலந்தியை விரட்டி, கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும். படித்து முடிப்பதற்குள் நாய் வந்துவிடும். எந்த வீட்டு நாய் எந்தப் பக்கமிருந்து வரும், எது குரைப்பதோடு நிற்கும், எது கடித்தால்தான் ஆயிற்று என்று நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓட்டம் கற்றுக்கொடுத்தது நாய்கள்தான். தெருவே அவளை மீட்டரம்மா என்று கூப்பிட்டது. வாரியத்திலும் அதுவே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலில் மட்டும் அவளுக்கு ‘தற்காலிகம்’ என்று பெயர்.

அந்தப் பெயரைத் தொலைக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஆண்டு விளையாட்டு விழாவில் தற்காலிகப் பெண் பணியாளர்களுக்கு நானூறு மீட்டர் ஓட்டம் உண்டு. அதில் முதலாவதாக வருகிறவளுக்கு வேலை நிரந்தரம். தேர்வு வைத்தால் வழக்குப் போடுகிறார்கள், நேர்காணல் வைத்தால் சிபாரிசு என்கிறார்கள், ஓட்டத்தில் யார் முதலில் வந்தார் என்பது குருடனுக்கும் தெரியுமே என்று எப்போதோ ஒரு நல்ல மனிதர் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்பதால்தான் அதில் கை வைக்க வாரியத்துக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

மைதானத்தைச் சுற்றி ஆறு பாதைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. ஒவ்வொன்றும் நாலடி அகலம். உட்புறம் இருப்பது முதல் பாதை, எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது ஆறாம் பாதை. அவரவர் கடைசி வரை அவரவர் பாதையில்தான் ஓட வேண்டும். கோட்டைத் தாண்டினால் ஒழுங்கீனம். நேரான இடத்தில் எல்லோருக்கும் ஒரே தூரம். வளைவில்தான் வெளியே ஓடுகிறவளுக்குத் தூரம் கூடும். அதைச் சரிக்கட்டத்தான் வெளிப்பாதைக்காரர்களை முன்னால் தள்ளி நிற்க வைத்துத் தொடங்குவார்கள். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். 

யாருக்கு எந்தப் பாதை என்பதில் உலக வழக்கம் எதுவும் செல்லாது. உள்ளே ஆள் இருப்பவர்களுக்கு உள்பாதை. மீட்டரம்மாவுக்கும், குழாய் உடைந்தால் பள்ளம் தோண்டப் போகும் அவளுடைய சிநேகிதி நெட்டைக்கும் ஆறும் ஐந்தும் எழுதி வைத்தது போல வரும். முதல் வருடம், மைதானம் முழுதாக இருந்தபோது, நிஜமாகவே தன்னைவிட வேகமான ஒருத்தியிடம் மீட்டரம்மா தோற்றாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததே தவிர கோபம் இல்லை.

மைதானம் பாதியான வருடம் வேறு கதை. நானூறு மீட்டருக்கு இரண்டு சுற்று ஓட வேண்டும் என்றார்கள். தன் இடத்தில் போய் நின்றவளுக்கு ஏதோ உறுத்தியது. போன வருடம் எட்டிப் பார்த்தால்தான் தெரிந்த முதல் பாதைக்காரி இப்போது திரும்பினால் தும்மல் படும் தூரத்தில் நின்றாள். அவள் துணைத் தலைவரின் கொழுந்தியா. போன மழைக்காலத்தில்தான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். காய்கறி வண்டி தெருமுனையைத் தாண்டிவிடுமோ என்று நடக்கிற வேகத்துக்கு மேல் அவள் என்றும் ஓடியதில்லை, அன்றும் ஓடவில்லை. மீட்டரம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு வளைவிலும் தரை ரப்பர் மாதிரி நீண்டது. கொழுந்தியா இரண்டே எட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு, மூச்சுக்கூட வாங்காமல் கைப்பையைத் தேடினாள்.

மீட்டரம்மா புகார் கொடுத்தாள். விசாரணைக்குத் துணைத் தலைவரே தலைமை தாங்கினார். கொழுந்தியா சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், வெளியாள் விசாரித்தால் குடும்பத்தைப் பற்றித் தெரியாமல் தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடும் என்று அவரே முன்வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

“ஏம்மா, ஓட்டம் தொடங்குறப்ப எல்லாருக்கும் முன்னால நின்னது யாரு?”

“நான்தான் சார்.”

“எல்லாருக்கும் பின்னால?”

“உங்க கொழுந்தியா சார்.”

“ஆக, எல்லாருக்கும் பின்னால நின்ன பொண்ணு ஜெயிச்சுது. முன்னால நின்ன நீ தோத்துட்டே. நியாயமாப் பாத்தா அதுதான் புகார் கொடுத்திருக்கணும். பெருந்தன்மையா விட்டுட்டுது.”

குழுவினர் பெருந்தன்மையை மெச்சித் தலையாட்டினார்கள்.

“வளைவுல எனக்குத் தூரம் கூடுது சார். முன்னால விடுற இடைவெளியை நீங்க பாதியாக்கிட்டீங்க.”

“மைதானம் பாதியாச்சு, இடைவெளியும் பாதியாச்சு. இதுல என்ன தப்பு? என் சட்டையை என் மகனுக்குப் போட்டா தொளதொளன்னு இருக்குமா இருக்காதா? ஆளுக்குத் தகுந்த சட்டை. இந்த வாரியத்துல நாங்க எதையும் பாரபட்சமாக் குறைச்சதே கிடையாது. தண்ணியைக் குறைச்சாக்கூட எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி குறைப்போம், நாங்க குடியிருக்குற தெருவைத் தவிர. அதை ஏன் விடுறோம்? நாங்க தாகத்துல தவிச்சா உங்க தாகத்தைப் பத்தி யாரும்மா யோசிக்கிறது?”

அவர் எழுந்து வந்து, தகப்பன் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“முன்னால நிக்க வைக்கிறது ஒரு மரியாதைம்மா. ஆறாம் பாதை எல்லாருக்கும் கிடைக்காது. கொடுத்த மரியாதையை அளவெடுத்துப் பாக்கக் கூடாது.”

புகார் தள்ளுபடியாயிற்று. குழுவில் இருந்த இன்ஜினியர் மட்டும் வராந்தாவில் அவளைத் தூணோரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நல்லது எல்லாவற்றையும் தூணோரமாகத்தான் செய்வார்.

“நீ சொன்னது சரிதான். தலைவர் இடுப்பைச் சுத்தி ஒரு கயிறு கட்டுறேன்னு வை. இடுப்புலேர்ந்து நாலடி தள்ளி, சுத்தி இன்னொரு கயிறு. வெளிக்கயிறு எவ்வளவு நீளம் கூடும்?”

“தலைவர் இடுப்புன்னா நிறையக் கூடும் சார்.”

“அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. இருபத்தஞ்சு அடி கூடும். என் இடுப்புக்குக் கட்டினாலும் அதே இருபத்தஞ்சு அடிதான். குண்டோ ஒல்லியோ, இடுப்பு கணக்குலயே வராது. நாலடி தள்ளினோமே, அது மட்டும்தான் கணக்கு. மைதானம் பெருசோ சின்னதோ, ஒரு பாதைக்கு ஒரு சுத்துக்கு இருபத்தஞ்சு. நீ அஞ்சு பாதை தள்ளி நிக்கிறே. சுத்தும் ரெண்டாயிடுச்சு. இடைவெளியை ரெண்டு மடங்காக்கி உனக்கு இருநூத்தம்பது அடி கொடுத்திருக்கணும். இவங்க பாதியாக்கி அறுபது சொச்சம் கொடுத்திருக்காங்க.”

மீட்டரம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. “இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னா, மைதானம் ஏன் சின்னதாச்சுன்னு பேச்சு வரும். மேடைக்குப் படம் போட்டது நான்தானே? துணைத் தலைவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். போன வாரம் அவர்தான் என்கிட்ட விசாரிச்சுக்கிட்டார்.” அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “மனசு கேக்கலம்மா. கையெழுத்துப் போடுறப்ப எனக்குக் கையே நடுங்கிடுச்சு. ரெண்டாவது தடவை அழுத்திப் போட வேண்டியதாப் போச்சு.”

வீட்டுக்கு வந்தவள் அழுதாள். பிறகு அழுததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள். அடுத்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிந்துவிடும். அதற்கப்புறம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வரையிலும், அதற்குப் பிறகும், ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நாத்தனார் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டாள். கணவனின் அக்கா; வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை அதைவிட நேர்த்தி.

“இப்ப என்ன, மேல போய் முட்டப் போறியா?”

“வேற என்ன அண்ணி பண்றது? நியாயம்னு ஒண்ணு இல்லையா?”

“இருக்கும், எங்கயாவது. போன மாசம் ஒரு பணக்காரி வந்தா. சட்டைக் கையை நல்லா இறுக்கிப் பிடிக்கணும்னா. கையைத் தூக்க முடியாதும்மான்னு சொன்னேன். உனக்கென்ன தெரியும், நாகரிகம் அதுதான்னு என்னைப் போட்டுத் திட்டினா. சரின்னுட்டு அவ கேட்ட அளவுக்கே, ஒரு நூல் கூட்டாமக் குறைக்காமத் தைச்சுக் கொடுத்தேன். கல்யாண வீட்டுல யாரோ சாப்பாட்டுத் தட்டை நீட்டுறாங்களாம், அம்மாவால கையைத் தூக்கி வாங்க முடியலையாம்.” நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தாள். “நானா ஏதாவது பண்ணினேன்? கேட்டதைக் கொடுத்தேன்.”

மீட்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோற்றவர் நன்றியுரை சொல்ல வேண்டும் என்பது வாரியத்தின் விளையாட்டுக் கழகத்து மரபு. ஜெயித்தவர்கள் பேசினால் கர்வம் தெரியும் என்பதால் அப்படி. விழா முடிந்து பாராட்டுக் கூட்டம் நடந்தது. கொழுந்தியா நிரந்தர உத்தரவை வாங்கிக்கொண்டாள். மீட்டரம்மாவை ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். ஆறாம் பாதையில நிக்கிறது எவ்வளவு பெரிய மரியாதைன்னு துணைத் தலைவர் ஐயா எடுத்துச் சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவ்வளவு முன்னால நிக்க எனக்கு என்ன தகுதி இருக்கு? நம்ம தலைவர் ஐயா அதிகாரிகள் ஓட்டத்துல வருஷா வருஷம் மூணாம் பாதையில, கூட்டத்தோட கூட்டமா நிக்கிறாரு. அவருக்கு முன்னால வேற வேற ஆளுங்க நிக்கிறாங்க. பாக்கவே மனசு பொறுக்கலை. நன்றி.”

தலைவரின் முகம் மாறியது. இத்தனை வருடமாக யார் யார் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று அவர் மனதுக்குள் ஒவ்வொரு முதுகாக எண்ணிப் பார்ப்பது கீழே இருந்தே தெரிந்தது.

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. இனி ஆறாம் பாதைக்கு மரியாதைப் பாதை என்று பெயர். அதிகாரிகள் ஓட்டத்தில் அதில் தலைவர் மட்டுமே நிற்பார். பதவி வரிசைப்படி ஐந்தாம் பாதை துணைத் தலைவருக்கு வர வேண்டும். அவர் அவசரமாக எழுந்து கைகட்டி நின்றார். “தலைவருக்குப் பக்கத்துல நிக்க எனக்கு என்ன அருகதை இருக்கு? எல்லாருக்கும் கடைசியா, உள்ளுக்குள்ள இருக்குதே முதல் பாதை, அந்த மூலை போதும் எனக்கு.” இந்தப் பணிவைப் பார்த்துத் தலைவர் கண் கலங்கினார். இன்ஜினியர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

அதிகாரிகள் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஓடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தலைவர் ஜெயிப்பார், மற்ற ஐவரும் அவர் ஜெயிப்பதற்குத் துணையாகப் பின்னால் வருவார்கள். வருடா வருடம் அதே கோப்பை, அதே புகைப்படம். ஆனால் வரப்போகும் ஓட்டம் அப்படி இல்லை. தலைவருக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. பதவியை நீட்டிக்க அவர் மனுப் போட்டிருந்தார். உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய அமைச்சரே விழாவுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது.

அமைச்சர் வருவதாக இருந்தால் மேடை போதாதே! சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் அமைச்சருக்குத் தனி ஓய்வறை, உதவியாளர்களுக்கு ஒன்று, காவலர்களுக்கு ஒன்று, நடுவே தலைவரின் மார்பளவுச் சிலை வைக்க வட்டமாக ஒரு பீடம். மைதானம் கால்வாசியாகிவிட்டது. நானூறு மீட்டருக்கு நாலு சுற்று. கால்வாசி மைதானத்துக்குக் கால்வாசி இடைவெளி என்று முப்பதடி போட்டார்கள். மீட்டரம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள்: நாலு சுற்றுக்கு ஐந்நூறு அடி வர வேண்டும்.

விழா அன்று காலை அவள் கடைசி முறையாக ஓடினாள். இந்த முறை முதல் பாதையில் தலைவரின் தம்பி மகள். அந்தப் பெண் ஜெயித்து, படம் எடுத்து, குளிர்பானம் குடித்து முடித்தபோது மீட்டரம்மாவுக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு சுற்று பாக்கி இருந்தது. மேடையில் சிலர் சிரித்தார்கள். அவள் நிற்கவில்லை. ஓடி முடித்தாள். முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தபோது நெஞ்சு முழுக்க வன்மம்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

“போச்சுடி,” என்றாள் பக்கத்தில் வந்து விழுந்த நெட்டை.

“எனக்குப் போச்சு. அவங்களுக்கு இனிமேதான்.”

தோற்றவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதிகாரிகள் ஓட்டத்தின் முடிவுக்கோட்டில் சிவப்பு நாடாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜெயிக்கிறவர் மார்பு நாடாவில் பட்டதும் பாண்டு வாத்தியம் முழங்கும். ஒரு முனை மீட்டரம்மா, மறுமுனை நெட்டை.

தலைவர் மரியாதைப் பாதையில், எல்லோருக்கும் முன்னால், முதல் பாதைக்கு முப்பதடி தள்ளி, கையில் பூச்செண்டோடு நின்றார். தனக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை என்பதில் அவர் முகம் பூரித்திருந்தது. முப்பதடி முன்னால் நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் நின்றது, முதல் பாதையில் இருந்த துணைத் தலைவருக்கு ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் பின்னால்.

வெடிச்சத்தம் கேட்டதும் தலைவர் நிஜமாகவே ஓடினார். மற்றவர்கள் எப்போதும் போலப் பின்னாலேயே வந்தார்கள். வளைவு வந்தது. தலைவர் வெளியே சுற்றிக்கொண்டு வருவதற்குள், இவர்கள் எவ்வளவு மெதுவாக வைத்தாலும் கால்கள் முன்னால் போய்விட்டன. கணக்கு அதிகாரி பதறிப்போய் நடக்க ஆரம்பித்தார். அப்படியும் முந்தினார். குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். நிமிர்ந்தால் இன்னும் தலைவர் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். இன்ஜினியர் காலைப் பிடித்துக்கொண்டு சுளுக்கு என்று உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றில் ஒருவர் தொலைபேசியில் பேசினார், ஒருவர் வானிலை பார்த்தார். மூன்றாவது சுற்றில் தலைவரின் பூச்செண்டு விழுந்தது.

“யாருங்க அது, வெளிப்பக்கமாத் தடுமாறிக்கிட்டு வர்றவரு?” என்று மேடையில் அமைச்சர் கேட்டது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. “பாவம், வயசானவரை எல்லாம் ஏன் ஓட விடுறீங்க?”

துணைத் தலைவர் மட்டும் நாலு சுற்றையும் முடித்துவிட்டு, நாடாவுக்கு ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். தொட்டால் தலைவருக்குத் துரோகம். தொடாவிட்டால் தலைவர் நாற்காலி கைநழுவிப் போய்விடும். ஒரு காலை முன்னால் வைத்தார், எடுத்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். கண்ணாடியைத் துடைத்தார். நாக்கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் பதவி தொங்கிக்கொண்டிருந்தது. தலைவரோ எதிர் வளைவில், சிலைக்குக் கட்டிய பீடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

மீட்டரம்மா நெட்டையைப் பார்த்தாள். நெட்டை புரிந்துகொண்டாள். இருவரும் ஒரே ஒரு அடி முன்னால் வைத்தார்கள்.

நாடா துணைத் தலைவரின் மார்பில் பட்டது. பாண்டு முழங்கியது.

அமைச்சர் கோப்பையைத் துணைத் தலைவரிடம் கொடுத்தார். கையோடு தலைவரின் தோளைத் தட்டி, “நல்லா ஓய்வெடுங்க ஐயா, நீங்க ஓடின வரைக்கும் போதும்” என்றார். அன்று சாயங்காலமே துணைத் தலைவர் பொறுப்புத் தலைவரானார்.

பழைய தலைவர் சும்மா விடுவாரா? நாடா நகர்ந்ததைச் சிலைப் பீடத்தோரத்திலிருந்து தன் கண்ணால் பார்த்ததாகப் புகார் கொடுத்தார். விசாரணை வைத்தார்கள். நகர்ந்ததா இல்லையா என்று சொல்லக் கூடியவர்கள் நாடாவைப் பிடித்திருந்த இரண்டு பேர்தான். அங்கே ஒரு சிக்கல். தற்காலிகப் பணியாளர் பார்த்ததும் தற்காலிகமானதே, அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று வாரிய விதியில் இருந்தது. முன்பு யாரோ ஒரு கூலிக்காரர் ஏதோ ஒரு மேலதிகாரியைப் பார்க்கக் கூடாத இடத்தில் பார்த்துவிட்டதால் போட்ட விதி.

அமைச்சரின் உதவியாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாட்சி இல்லாமல் விசாரணையை மூட முடியாது. பொறுப்புத் தலைவர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு நிரந்தர உத்தரவுகள், முன்தேதியிட்டு, கையெழுத்தோடு தயாராக இருந்தன.

“இது விதிப்படி கொடுக்குறது. வேற எதுக்கும் இல்ல,” என்றார். “நாடா நகரலைன்னு சொல்லப் போறீங்க. அதுவும் விதிப்படிதான்.”

மீட்டரம்மா உத்தரவைக் கையில் வாங்கினாள். இத்தனை வருடம் எதற்காக ஓடினாளோ, அது ஒரு தாள் கனம்தான் இருந்தது. ‘தற்காலிகம்’ என்ற சொல் அதில் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இல்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போனாள்.

“நாடா நகர்ந்ததா?” என்று கேட்டார் உதவியாளர்.

“நகர்ந்துச்சு சார். நாங்கதான் நகர்த்தினோம்.”

“ஆமா சார்,” என்றாள் நெட்டை.

பொறுப்புத் தலைவரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கொடுத்த உத்தரவைப் பிடுங்கவும் வழியில்லை. நிரந்தரமானவரை நீக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு விசாரணை வைக்க வேண்டும். வாரியத்தில் அப்படி ஒரு விசாரணை தொடங்கியதுண்டு, முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் மனிதர் சாமானியமானவர் அல்ல. தண்ணீர் ஒரு குடம் குடித்துவிட்டு எழுந்தார். “நாடா நகர்ந்ததாகவே இருக்கட்டும். முடிவுக்கோடுன்னா என்ன? தரையில போட்ட சுண்ணாம்பு. ஒரு மழை வந்தா போயிடும். நாடா அப்படியில்ல, கழகத்தோட சொத்து. ஆகவே நாடா எங்க இருக்கோ அதுதான் முடிவுக்கோடுன்னு தீர்மானம் போடுறேன். பிடிச்சிருக்குற நிரந்தரப் பணியாளர் எங்க நிக்கிறாங்களோ, அதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. என் நெஞ்சு நாடாவைத் தொட்டுச்சு. நான் ஜெயிச்சேன்.”

“அப்படின்னா அதே தீர்மானப்படி மறு ஓட்டம் வை!” என்று பழைய தலைவர் மேசையைக் குத்தினார். “நாம ரெண்டு பேரு மட்டும். எனக்கு மரியாதைப் பாதை. உன் பணிவெல்லாம் போதும், பதவிப்படி என் பக்கத்துல அஞ்சாம் பாதையில வந்து நில்லு!”

விழா அன்று சிரித்தது போல் அமைச்சர் அந்த வருடம் முழுக்கச் சிரித்ததில்லையாம். மறு ஓட்டத்துக்கு உடனே சம்மதித்து, தானே வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். எவர் நெஞ்சு நாடாவைத் தொடுகிறதோ அவருக்கு நாற்காலி.

அந்த நாளும் வந்தது. இருவரும் ஆறிலும் ஐந்திலும் நின்றார்கள். இந்த முறை யாரும் யாருக்கும் துணை போகவில்லை. தொப்பை குலுங்க, நாக்குத் தள்ள, பதவிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் நிஜமாகவே ஓடினார்கள். வளைவுகள் அவர்களுக்கும் நீண்டன. நாலாவது சுற்றின் கடைசி வளைவைத் தாண்டி, ஒருவர் சட்டையை ஒருவர் இழுத்தபடி, சிவந்த முகங்களோடு நாடாவை நோக்கி வந்தார்கள். நாடாவைப் பிடித்திருந்தவர்கள் வாரியத்தின் நிரந்தரப் பணியாளர்கள் இருவர்.

பத்தடி. ஐந்தடி. இருவரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

மீட்டரம்மா ஒரு அடி பின்னால் வைத்தாள். நெட்டையும் வைத்தாள்.

அவர்கள் எட்டிப் பாய்ந்தார்கள். பெண்கள் இன்னும் இரண்டு அடி பின்னால் போனார்கள். நாயைப் பார்த்தபடியே பின்னால் நடப்பது மீட்டரம்மாவுக்குத் தொழிலில் வந்த பழக்கம்; தடுக்கியே விழமாட்டாள். முடிவுக்கோடு அவளோடு வளைவில் திரும்பியது.

“நில்லும்மா!” என்று கதறினார் பொறுப்புத் தலைவர். “இன்னும் எவ்வளவு தூரம்?”

“முன்னாலதானே சார் நிக்கிறீங்க? கொடுத்த மரியாதையை அளவெடுத்துப் பாக்காதீங்க,” என்றாள் அவள்.

மேடையில் அமைச்சர் சிரித்துச் சிரித்து இருமினார். பாண்டுக்காரர்கள் குழலை வாயில் வைத்தபடி காத்திருந்தார்கள். மைதானம் சின்னதுதான். ஆனால் சுற்றி வருவதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருந்தது.